டவுன் பஸ் ஓட்டுகிறவள்

நான் ஓட்டும் பஸ்ஸிலிருந்து இறங்குகிற எல்லோரும் எனக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். நியூசிலாந்தின் தென்கோடியில், மலையும் கடலும் ஒட்டிக்கிடக்கும் டனீடன் என்ற ஊரில் இது வழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கைத்தடி ஊன்றிய முதியவர்கள், காதில் எதையோ செருகிக்கொண்டு உலகத்தை மறந்திருக்கும் கல்லூரி மாணவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல், பின்கதவுப் படியில் கால் வைக்கும்போது "தேங்க்யூ, டிரைவர்" என்று முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொரு குரலுக்கும் பதறிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேனோ, யாருடைய பையாவது கதவில் மாட்டிக்கொண்டதோ என்று பயம். அதே வாரத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா ஏறும்போது என்னைப் பார்த்து, "ஹவ் யூ கோயிங்?" என்றார். எப்படி வீட்டுக்குப் போவாய் என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, ஷிஃப்ட் முடிந்ததும் நானும் பஸ்ஸில்தான் போவேன் என்று விளக்கமாகச் சொன்னேன். சுகம் விசாரித்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் என் வண்டியில் ஏறினால், "ஸ்டில் பை பஸ்?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

நான் குன்னூர்க்காரி. எங்கள் ஊர் பஸ்ஸில் டிரைவரிடம் பேசுகிறவர்கள் இரண்டே வகை. நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறவர்கள் ஒரு வகை, நிறுத்தாமல் போனதற்குத் திட்டுகிறவர்கள் இன்னொரு வகை. மேட்டுப்பாளையத்திலிருந்து பதினாலு கொண்டை ஊசி வளைவுகளை மழையிலும் பனியிலும் ஏறிவந்து குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து இறக்கிவிடுகிற மனிதரை நாங்கள் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. நானும் மற்றவர்களைப்போலவே இறங்கி நடந்திருக்கிறேன். ஆனால் சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டுக்காக இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவது பஸ்ஸில் ஏறுகிற பழக்கம் எனக்கு இருந்தது. எதற்கு என்று கேட்டால் வாந்தி வரும் என்பேன். அவருடைய கையும் காலும் வளைவுக்கு வளைவு என்ன செய்கின்றன, மறைவான திருப்பத்தில் அவர் அடிக்கும் ஹார்னுக்கு எதிரே வருகிற வண்டி எப்படித் திருப்பி அடிக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் என்று சொன்னால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று தெரியவில்லை.

அப்பா கேத்தியில் கேரட்டும் முட்டைக்கோசும் வாங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பும் வியாபாரி. காரமடைப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். குன்னூர் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் வீடு. அப்பாவிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. ஓட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தார். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. பி.காம். முடித்த வருடம், கம்ப்யூட்டர் வகுப்புக்கு என்று சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் நான் கார் லைசென்ஸ் வாங்கினேன். வாங்கிய பிறகு அப்பாவிடம் மட்டும் சொன்னேன். சிரித்தார். அதற்குப் பிறகு, கேத்தியில் கேரட் கழுவும் இடத்தில் வண்டியை முன்னால் எடுப்பதும் பின்னால் விடுவதும் என் வேலையானது. சுற்றிலும் தோட்டத்தில் வேலை செய்கிற படகர் வீட்டுப் பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வார்கள்.

ஒருநாள் மதியம் மூட்டைகள் ஏற்றித் தயாராக இருந்தபோது டிரைவருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. கழுவிய கேரட், காத்திருந்தால் கறுத்துவிடும். அப்பா நாலைந்து பேருக்குப் போன் செய்தார். யாரும் கிடைக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "பைய ஓட்டுவியா அம்மணி?" என்று கேட்டார். அந்த வண்டியை ஓட்ட என் கார் லைசென்ஸ் போதாது என்பது அன்று எங்கள் இருவருக்கும் தெரியாது. காட்டேரி தாண்டி, பர்லியார் தாண்டி, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக இறங்கினேன். அப்பா வழி முழுக்க டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். எனக்கு இருபத்தொரு வயது. அவ்வளவு பாரம் என் பாதத்துக்குக் கீழே அடங்கி, நான் சொன்ன இடத்தில் மெதுவாகித் திரும்பியது. அதற்கு முன்னால் எதிலும் அப்படி ஒரு நிம்மதியை நான் அறிந்ததில்லை. பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கியபோதுகூட அடுத்தது என்ன என்ற கவலைதான் வந்திருக்கிறது. அன்று வரவில்லை.

மண்டியில் மூட்டை இறக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதில் யாரோ ஒருவருக்கு என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த குடும்பத்தைத் தெரிந்திருக்கிறது. பத்து நாள் கழித்து அவர்கள் வீட்டிலிருந்து வேறு இடம் அமைந்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார்கள். சொல்ல வந்தவர் போகும்போது, "பொண்ணு லாரி ஓட்டுதுன்னு பேசிக்கறாங்க. பாத்துக்குங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதற்குப் பிறகு ஒரு வருடம் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. மார்க்கெட்டுக்கு மட்டும், கூட்டம் வருவதற்கு முன்னால் காலையிலேயே போய் வந்துவிடுவாள். அப்பா என்னைத் திட்டவில்லை. சுவரில் ஆணியில் தொங்கும் வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். தூங்கும்போதுகூட அது சட்டைப் பையில்தான் இருந்தது. நான் ஓர் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து, ஆறு வருடம் லீவு ரிஜிஸ்டர் எழுதினேன்.

இருபத்தேழு வயதில் செந்திலைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் நர்ஸ். ஆண்பிள்ளை நர்ஸா என்று எங்கள் பக்கத்தில் கேட்டார்கள். அந்தப் பெண்தான் லாரி ஓட்டியதா என்று அவர்கள் பக்கத்தில் கேட்டார்கள். இரண்டு கேள்வியும் ஒன்றையொன்று அடித்துப்போட்டதால் கல்யாணம் நடந்தது என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம். சில வருடங்களில் அவருக்கு டனீடனில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்தது. நான் இங்கே ஒரு துணிக்கடையில் நின்றேன். இந்த ஊரைப் பார்த்தவுடன் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் தெருக்கள். ஊட்டிக் குளிரும் குன்னூர் மேடும் சேர்ந்த ஊர். ஆனால் தேயிலை இருக்க வேண்டிய சரிவில் ஆடு மேய்கிறது, பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடத்தில் கடல் நிற்கிறது. மேகம் இறங்கினால் மட்டும் இரண்டு ஊரும் ஒன்றுதான்.

பஸ் டிரைவர்கள் தேவை, பயிற்சி நாங்களே தருகிறோம் என்று ஒரு பஸ்ஸின் முதுகிலேயே எழுதியிருந்தது. நான் மூன்று நாள் அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. நாலாவது நாள் சாப்பிடும்போது செந்திலிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தாமல், "என்னைய பதினஞ்சு வருசமா கேட்டுட்டுத்தான் இருக்காங்க. கூட உன்னையும் கேக்கட்டும், போ" என்றார். பெரிய வண்டிக்கான தேர்வில் முதல் தடவை தோற்றேன். அளவுக்கு மீறி மெதுவாக ஓட்டுகிறேனாம். இரண்டாம் தடவை தேறினேன். உரிமம் கைக்கு வந்த அன்று துணிக்கடையில் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு முப்பத்தெட்டு வயது.

ஊரில் மட்டும் சொல்லவில்லை. அம்மாவிடம் போனில், "டிரான்ஸ்போர்ட்டுல வேல கெடச்சிருக்குதும்மா" என்றேன். "ஆபீஸ்லயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த ஆசையைக் கேட்டுவிட்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறு மாதம் கழித்து உண்மையைச் சொன்னேன். "செரி, யாருகிட்டயும் சொல்லாத" என்றாள். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். அவரிடம் சொல்ல முடியாமல் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

போன வருடம் தம்பி பிரபுவின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். பெண் அன்னூர். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே பிரபு சொல்லிவிட்டான். "அக்கா, பஸ்ஸுன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிராத. டிரான்ஸ்போர்ட்டு ஆபீஸுன்னு அம்மா சொல்லி வெச்சிருக்குது." எனக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. மூன்று வாரம், ஒரு வார்த்தை. சரி என்றேன். அன்னூரில் கல்யாண மண்டபத்தில் பெண்ணின் பெரியப்பா என்னிடம் வந்தார். தாராளமாகப் பேசுகிற மனிதர். "டிரான்ஸ்போர்ட்டு ஆபீஸுன்னா, நம்மூரு ஆர்.டி.ஓ. மாதிரிங்களா?" என்று கேட்டார். நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் நான் வெளிநாட்டு ஆர்.டி.ஓ. ஆகிவிட்டேன். தங்கள் மகனுக்கு அங்கே லைசென்ஸ் சுலபமாகக் கிடைக்குமா என்று இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். ஒருவர் என்னை மேடம் என்றார். அம்மாவைப் பார்த்தேன். பட்டுப்புடவையில், எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒரு கல்யாணத்தின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அதனால் நானும் மேடமாகவே இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் குன்னூரில் வரவேற்பு. பெண் வீட்டார் ஒரு வேன் பிடித்து மலையேறி வந்தார்கள். அன்று பர்லியாரிலிருந்தே பனி இறங்கிவிட்டது. முன்னால் போகிற வண்டியின் விளக்குகூடத் தெரியவில்லையாம். வந்தவர்கள் எல்லோரும் அதையே பேசிக்கொண்டு இறங்கினார்கள். ஓட்டிவந்தவர் ஐம்பது வயதுக்காரர், காக்கிச் சட்டை, கழுத்தில் மப்ளர். முதல் பந்தியில் எனக்கு ஓரத்து நாற்காலி, பக்கத்தில் பெரியப்பா. எதிர் வரிசையில் ஓர் இலை காலியாக இருந்தது. அந்த டிரைவர் கை கழுவிக்கொண்டு வந்து அந்த நாற்காலியை இழுத்தார். பெரியப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே, குரலில் கோபம் ஏதும் இல்லாமல், "டிரைவரு, நீங்க கடைசிப் பந்தியில உக்காந்துக்கலாம். ஆளுங்க இருக்காங்க" என்றார். டிரைவர் நாற்காலியை மறுபடி உள்ளே தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றார். பெரியப்பா என் பக்கம் திரும்பி, "மேடத்துக்கு ஜாங்கிரி வைங்கப்பா" என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

நான் யோசித்துச் சொல்லவில்லை. "நானும் டிரைவர்தானுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "கார் ஓட்டுவீங்களா? அங்க எல்லாப் பொம்பளைங்களும் ஓட்டுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கறனுங்க."

"பஸ்ஸுங்க. டவுன் பஸ். அதுதான் என்ற வேலை. நான் ஆர்.டி.ஓ. எல்லாம் இல்லீங்க."

அவர் சத்தமாகச் சிரித்தார். "நல்லா தமாசு பண்றீங்க" என்று இலையில் இருந்த பொரியலைப் பிசைந்தார். நான் போனை எடுத்து, சீருடையில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருக்கும் படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்கள் அம்மா நிற்கிற திசையைப் பார்த்தார். வரிசையில் நாலைந்து பேர் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். நான் எழுந்து, ஓரமாக நின்ற டிரைவரிடம், "அண்ணா, நீங்க என்ற எடத்துல உக்காருங்க" என்றேன். அந்த மனிதருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "வேண்டாமுங்க. நான் அப்பறமே சாப்பிட்டுக்கறனுங்க. எதுக்குங்க நம்மளால பிரச்சினை" என்று சொல்லிவிட்டு வெளியே வேனுக்குப் போய்விட்டார். அவருக்கு நான் எந்த உதவியும் செய்துவிடவில்லை. இரண்டு இலைகள் காலியாகக் கிடந்தன, அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பிரபு கத்தினான். "உனக்கு மூணு வாரம் சும்மா இருக்க முடியலியா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அம்மா எதுவும் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. காப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள், போய்விடுவாள். மூன்றாம் நாள் காலை அடுப்படியில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

"நீ பிளைட் ஏறிப் போயிருவ கண்ணு. அங்க உன்னைய ஆரு கேக்கறாங்க? இங்க மார்க்கெட்டுல கேக்கறது என்னைய. அன்னிக்கும் பேச்சுக் கேட்டது நாந்தான். உங்கப்பன் சாவிய ஜோப்புல போட்டுட்டு வியாபாரத்துக்குப் போயிட்டாரு. நீ ஆபீசுக்குப் போயிட்ட. ஊட்டுல உக்காந்து வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் பதில் சொன்னது ஆரு?"

இத்தனை வருடமாக அந்தப் பிக்கப் வண்டிக் கதையில் இழந்தவள் நான் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குப் பிடித்ததை நான் செய்கிறேன், யார் என்ன நினைத்தால் என்ன என்று டனீடனில் உட்கார்ந்து சொல்வது எளிது. அங்கே யாரும் எதுவும் நினைப்பதில்லை. நினைப்பவர்கள் எல்லோரும் என் அம்மா பீன்ஸ் வாங்குகிற தெருவில் இருக்கிறார்கள். "தப்புத்தாம்மா" என்றேன். "சொன்னது தப்பில்ல. உன்னையக் கேக்காம சொன்னது தப்பு" என்று நானே சேர்த்துச் சொன்னேன். அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். பிறகு, "எத்தன பேரு உக்காருவாங்க உன்ற பஸ்ஸுல?" என்று கேட்டாள்.

"நாப்பது பேரு."

"வேற பொம்பளைங்க ஓட்டறாங்களா?"

"எங்க டிப்போவுல ஒம்பது பேரு இருக்கறோம்."

"பிரேக்கெல்லாம் நல்லாப் புடிக்குமா?"

"நல்லாப் புடிக்கும்மா."

"அந்த வேலைய எதுக்குப் புடிக்குது உனக்கு?"

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. செந்தில்கூடக் கேட்டதில்லை. காலையில் முதல் நடையில் மேட்டில் ஏறும்போது வண்டி முழுக்க ஆட்கள் என்னை நம்பித் தூங்கிக்கொண்டு வருவார்கள், அப்போது மனதில் வேறு எதுவும் இருக்காது என்றேன். அவள் தேங்காயைக் கொடு என்று கையை நீட்டினாள்.

டனீடனுக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவளோடு மார்க்கெட்டுக்குப் போனேன். வழக்கமாகக் கூட்டத்துக்கு முன்னால் போகிறவள் அன்று பத்து மணிக்குக் கிளம்பினாள். காய்கறிக் கடையில் எங்கள் சந்தைச் சேர்ந்த ராஜேஸ்வரி அக்கா நின்றிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அம்மாவிடம், "ஏனுங்க்கா, பொண்ணு அங்க பஸ்ஸு ஓட்டுதாமா?" என்றார்.

"ஆமா ராஜி. ஓட்டுது."

"ஏனுங்க்கா, வேற வேல ஒண்ணும் கெடைக்கலீங்களா?"

அம்மா பீன்ஸை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கெடச்சுது. நல்ல துணிக்கடை. அத வுட்டுப்போட்டு இதுக்குப் போயிருக்குது. புடிச்சிருக்குதாமா" என்றாள். பிறகு கடைக்காரரிடம், "இதுல அரைக் கிலோ போடுங்க, முத்தலெல்லாம் எடுத்துப் போட்டறாதீங்க" என்றாள். ராஜேஸ்வரி அக்கா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அம்மா பையை என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்துவிட்டாள்.

இது எல்லாம் சரியாகிவிட்ட கதை இல்லை. பிரபு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறான்; ஆனால் தன் ஆபீஸில் அக்கா டிரான்ஸ்போர்ட்டில் இருக்கிறாள் என்றே சொல்கிறானாம். அது அவன் பாடு. பெண்ணின் பெரியப்பா எங்கள் வீட்டைக் குறிப்பிடும்போது பஸ்காரங்க வீடு என்கிறாராம். அம்மா இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று விடாமல் எனக்குச் சொல்கிறாள். முன்பு இப்படிப்பட்டவற்றை என்னிடம் மறைப்பாள். சொல்லி முடித்ததும், இன்றைக்கு அங்கே மழையா, ரோடு வழுக்குமா என்று கேட்கிறாள்.

ஊரிலிருந்து திரும்பி வேலைக்குப் போன முதல் காலை நல்ல மேகம். துறைமுகம் தெரியவில்லை, எதிர்ச்சரிவு தெரியவில்லை. மேட்டின் பாதியில் இடது பக்கம் பாறைச்சுவர் மறைக்கும் ஒரு வளைவு இருக்கிறது. வருடக்கணக்கில் அதை ஓட்டியிருக்கிறேன். அன்று அந்த வளைவை நெருங்கியதும், நான் நினைக்காமலேயே என் கை ஹார்னை நீளமாக ஒருமுறை அழுத்திவிட்டது. இந்த ஊரில் ஹார்ன் என்பது கோபம் வந்தால் மட்டும் அடிப்பது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். முன்சீட்டில் இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சாலையைத் தேடினார். நான் காலைப் பிரேக்கின்மேல் வைத்து, வண்டியை மெதுவாக்கி, வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எதிரே வருகிற வண்டி திருப்பி அடிக்கப்போகும் ஹார்னுக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தேன்.